டைடல் கோபுரத்துக்குள் நம் பிள்ளைகள் எந்த வாசல் வழியாகப் போவார்கள்?

ஆவடியிலிருந்து திருவள்ளூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பட்டாபிராம் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்க்காமல் போக முடியாது. 21 மாடிக் கட்டடம். 330 கோடி ரூபாய் செலவில், 5 லட்சத்து 57 ஆயிரம் சதுர அடியில் கட்டப்பட்ட டைடல் பூங்கா. 2024 நவம்பர் 22-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் திறந்து வைத்தார். சுமார் 6 ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று அரசு அப்போது அறிவித்தது.

இந்த இடத்தின் பழைய கதை வயதானவர்களுக்குத் தெரியும். இங்கேதான் அரசு நிறுவனமான சதர்ன் ஸ்ட்ரக்சுரல்ஸ் இருந்தது. ரயில்வேக்கு சரக்குப் பெட்டிகள் செய்து கொடுத்த தொழிற்சாலை அது. வெல்டரும் ஃபிட்டரும் சைரன் சத்தத்துக்கு உள்ளே போய் வெளியே வந்த மண்ணில் இப்போது கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது.

நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சுற்றியுள்ள குடியிருப்புகளில் வாழும் ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கோபுரத்துக்குள் எந்த வேலைக்காகப் போகப் போகிறார்கள்? துடைப்பமும் காவலர் தொப்பியும் மட்டும்தானா? அந்த வேலைகள் தாழ்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவை மட்டும் நமக்கு என்றால், அதைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

இதற்கு ஒரு விடையாக, அதிகம் பேசப்படாத ஒரு வேலையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். சர்வர் நிர்வாகி வேலை. குறிப்பாக, பல சர்வர்களை ஒன்றாகக் கட்டி, கூட்டத்தைப் பிரித்து அனுப்பி, இணையதளம் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

இந்த வேலை நமக்கு எவ்வளவு முக்கியம் என்பது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் நமக்கு உறைத்தது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு கல்லூரி மாணவி அம்மாவோடு வந்திருந்தார். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அம்மா அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். சாதிச் சான்று ஏற்றியாயிற்று, வருமானச் சான்று ஏற்றியாயிற்று. வங்கிக் கணக்கு விவரத்தைப் போட்டு அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சில நிமிடம் கழித்து, மறுபடியும் முதலிலிருந்து உள்நுழையச் சொன்னது தளம். ஓ.டி.பி. வரவில்லை. வந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. மூன்று முறை இப்படியே. கடைசியில் சென்டர்காரர், ராத்திரி 11 மணிக்கு மேல் முயன்று பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. மகளுக்குத் தூக்கம் போனது. அவர்கள் குறை சொன்னது தங்கள் விதியைத்தான். ஆனால் குறை விதியில் இல்லை, எங்கோ ஒரு அறையில் இருந்த சர்வரில் இருந்தது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை 1944-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம் அது. இன்று ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது கிடைக்கிறது. மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் செலவை ஏற்கின்றன. 80 ஆண்டு கடந்த உரிமை. அதைப் பெற இன்று ஒரே வாசல், இணையதளம். அந்த வாசல் திறக்காவிட்டால் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

ரேஷன் கடைக் கணக்கு

வட்டம் ஏன் சுற்றுகிறது? ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போட ஒருவர்தான் இருக்கிறார். பத்து பேர் வந்தால் சமாளிப்பார். பொங்கல் பரிசு கொடுக்கும் நாளில் ஐநூறு பேர் வந்தால்? வரிசை தெருவுக்கு வந்துவிடும். பில் போடுகிறவர் மயங்கி விழுந்தால் கடையே மூடப்படும்.

இப்போது பில் போட நான்கு பேரை உட்கார வைப்போம். வாசலில் ஒருவரை நிறுத்துவோம். வருகிறவர்களைப் பார்த்து, "நீங்க ஒண்ணாவது மேஜைக்குப் போங்க, நீங்க ரெண்டாவதுக்குப் போங்க" என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. நான்கு மேஜைகளும் சேர்ந்ததுதான் சர்வர் கூட்டம். இதைக் கிளஸ்டர் என்கிறார்கள். வாசலில் நிற்பவர்தான் லோடு பேலன்சர், தமிழில் சொன்னால் சுமை பகிர்வான்.

வாசலில் நிற்பவருக்குச் சில விதிகள் உண்டு. வரிசையாக ஒவ்வொரு மேஜைக்கும் ஒருவராக அனுப்புவது ஒரு முறை. எந்த மேஜையில் ஆள் குறைவோ அங்கே அனுப்புவது இன்னொரு முறை. இவற்றைவிட முக்கியமான கடமை ஒன்று உண்டு. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மேஜையையும் எட்டிப் பார்த்து, அங்கே ஆள் இருக்கிறாரா, வேலை நடக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பதில் வராத மேஜைக்கு யாரையும் அனுப்பக் கூடாது. இந்தச் சோதனையைச் சரியாக அமைக்காத இடங்களில்தான், நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் பக்கம் திறக்காமல் போகும். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் திறந்தது, நமக்குத் திறக்கவில்லை என்று நாம் குழம்புவோம்.

சரி, அந்த மாணவியை மறுபடி உள்நுழையச் சொன்னது ஏன்? இப்படி நடப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. முதல் மேஜையில் இருப்பவர் தன் நோட்டில் அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். அடுத்த முறை வாசலில் இருப்பவர் அவரை மூன்றாவது மேஜைக்கு அனுப்பிவிட்டார். அந்த மேஜைக்காரரிடம் நோட்டில் பெயர் இல்லை. "நீங்க யாரு?" என்று கேட்கிறார். ஏற்றிய சான்றுகளும் போயின. இதற்குத் தீர்வு இரண்டு. ஒருவர் எந்த மேஜையில் தொடங்கினாரோ அதே மேஜைக்கே அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பலாம். அல்லது நான்கு மேஜைக்கும் பொதுவாக ஒரே நோட்டு வைக்கலாம். இரண்டாவதுதான் மேல். ஏனென்றால் முதல் மேஜை விழுந்துவிட்டாலும் பெயர் பொது நோட்டில் பத்திரமாக இருக்கும்.

மாணவர்கள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஒரு சர்வர் விநாடிக்கு 100 கோரிக்கைகளைத் தாங்கும். நான்கு சர்வர்கள் உள்ளன. விநாடிக்கு 300 கோரிக்கை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 75. நிம்மதி. ஒரு சர்வர் பழுதானால் மற்ற மூன்றுக்கும் தலா 100. விளிம்பில் நிற்கிறோம், ஆனால் தளம் விழவில்லை. இரண்டாவதும் பழுதானால் மிச்சம் இரண்டுக்கும் தலா 150. தாங்காது. அவையும் விழும். ஆகவே நான்கு சர்வர் வைத்திருப்பவர் எதையும் முக்கால் பங்குக்கு மேல் ஓட விடக் கூடாது. ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்குதான் இது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வாசலில் நிற்பவரே மயங்கி விழுந்தால்? அதனால்தான் சுமை பகிர்வானையும் இரண்டாக வைப்பார்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று அதே முகவரியை எடுத்துக்கொண்டு விநாடிகளில் நிற்கும். அடுத்தது, மேஜை பத்து போட்டாலும் பின்னால் அரிசி எடுத்துக் கொடுக்கும் குடோன் ஒன்றே ஒன்று என்றால், வரிசை அங்கே தேங்கும். அந்தக் குடோன்தான் தரவுத்தளம். சர்வரை மட்டும் கூட்டிவிட்டுத் தரவுத்தளத்தைக் கவனிக்காத தளங்கள் கடைசித் தேதியன்று விழுவதற்கு இதுவே காரணம்.

பெரிய இடத்திலும் விழுந்திருக்கிறது

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான கொரோனா தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியது. முதல் சில நிமிடங்கள் பலருக்குத் தளம் திறக்கவில்லை என்று நாடு முழுவதும் புகார் எழுந்தது. அன்று ஒரே நாளில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர்.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ஆம் தேதி அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கான டாலர் செலவு செய்த தளம். முதல் நாளில் காப்பீட்டில் முழுமையாகச் சேர முடிந்தவர்கள் 6 பேர் மட்டுமே. பணம் மட்டும் போதாது, கூட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, சோதித்துப் பார்த்து, பொறுப்போடு இயக்கும் ஆட்கள் வேண்டும் என்று அன்று உலகம் கற்றுக்கொண்டது.

எவ்வளவு நேரம் தளம் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் அளவு உண்டு. 99 சதவீதம் என்றால் நல்ல மதிப்பெண் போலத் தெரியும். ஆனால் ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் தளம் படுத்திருக்கும் என்று அர்த்தம். 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம். அந்த மூன்றரை நாள் கடைசித் தேதியில் வந்து விழுந்தால் எத்தனை பிள்ளைகளின் படிப்பு பாதிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சர்வர் இருக்கும் ஊர் நம் ஊர்

'இதெல்லாம் அமெரிக்காவில் இருக்கும்' என்று நினைக்கிறோம். பட்டாபிராமில் ரயில் ஏறினால் சில நிலையங்களில் அம்பத்தூர் வந்துவிடும். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை நமக்கு லேத் பட்டறைக்கும் வார்ப்பட ஆலைக்கும் பெயர் பெற்றது. இன்று அதே அம்பத்தூரில் என்.டி.டி., எஸ்.டி.டி., கண்ட்ரோல்-எஸ் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரவு பகலாக ஓடும் கட்டடங்கள். 2021-ல் தமிழக அரசு தரவு மையங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. கடலடி கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுவதால் இந்தத் தொழில் இங்கே வளர்கிறது.

சர்வர் நம் ஊரில் இருக்கிறது. அதை இயக்குபவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்?

நம்மவருக்கு இது வராது என்ற பேச்சும் வேண்டாம். தலித் சமூகத்திலிருந்து வந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அரசு அலுவலகங்களைக் கணினிமயமாக்கி மக்களுக்குச் சான்றுகளை விரைவாகக் கிடைக்கச் செய்து பெயர் பெற்றார். பிறகு எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பதிலாக லினக்ஸை அரசுக் கணினிகளிலும் பள்ளிக் கணினிகளிலும் கொண்டுவந்தார். அந்த லினக்ஸ்தான் இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டுகிறது.

வீட்டிலேயே கற்கலாம்

இந்தப் படிப்பில் ஒரு நல்ல விஷயம், கருவிகள் பெரும்பாலும் இலவசம். லினக்ஸ் 1991-லும், அப்பாச்சி வலை சர்வர் 1995-லும், என்ஜின்எக்ஸ் 2004-லும் வந்தன. சுமை பகிரும் ஹெச்.ஏ.பிராக்சி 2001-ல் எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவதும் இவற்றைத்தான்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி நம் மாவட்டத்தின் காக்களூரில்தான் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தக் கணினிகளில் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. வீட்டுப் பரணில் பழைய மடிக்கணினி கிடந்தால் இறக்குங்கள். லினக்ஸ் கட்டளைகளைப் பழக அது போதும்.

அடுத்த கட்டத்துக்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு கணினி வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் கல்லூரி ஆய்வகத்தில் கேளுங்கள். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஒரே கணினிக்குள் மூன்று நான்கு கணினிகள் இருப்பதுபோல் உருவாக்கலாம். இரண்டை வலை சர்வராக்குங்கள். முதலாவதில் 'ஒன்று' என்றும் இரண்டாவதில் 'இரண்டு' என்றும் எழுதிய பக்கத்தை வையுங்கள். மூன்றாவதில் சுமை பகிர்வானை அமையுங்கள். பிரவுசரில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தால் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாறி மாறி வரும். முதல் முறை அதைப் பார்க்கும் சந்தோஷமே தனி.

இனிமேல்தான் உண்மையான பாடம். முதல் சர்வரை வேண்டுமென்றே நிறுத்துங்கள். பக்கம் தடையின்றி வருகிறதா? வந்தால் சோதனை அமைப்பு சரி. ஒரு சர்வரை வரிசையிலிருந்து விலக்கி, புதுப்பித்து, திரும்பச் சேர்த்து, பிறகு அடுத்ததை விலக்குங்கள். பயனாளிக்குத் தெரியாமல் தளத்தைப் புதுப்பிப்பது இப்படித்தான். பதிவேடுகளைத் திறந்து எந்தக் கோரிக்கை எந்தச் சர்வருக்குப் போனது, எது தோற்றது என்று படியுங்கள். உடைத்துப் பார்த்துத் தானே சரிசெய்தவர்தான் நிர்வாகி. புத்தகத்தை மட்டும் படித்தவர் இரவு இரண்டு மணிக்குத் தளம் விழும்போது கை நடுங்குவார்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறதா? ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ் ஒலியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ், லினக்ஸ் உள்ளிட்டவற்றுக்கு எளிய தமிழில் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழில் புரிந்துகொண்டு, பிழைச் செய்திகளை மட்டும் ஆங்கிலத்தில் படித்துப் பழகினால், சில மாதங்களில் அச்சம் விலகும்.

ரெட் ஹேட் நிறுவனத்தின் அடிப்படை நிர்வாகித் தேர்வில் சரியான விடையை டிக் அடிக்கும் கேள்விகள் கிடையாது. கணினியைக் கொடுத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். அந்தத் தேர்வு உங்கள் ஊரையோ உச்சரிப்பையோ அப்பா பெயரையோ பார்ப்பதில்லை. நேர்முகத் தேர்வு அப்படியில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் கையில் வேலை இருக்க வேண்டும் என்கிறோம்.

சட்டம் தரும் ஒரு கதவு

தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் நம்மில் பலருக்குத் தெரியாது. 30 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்கின்றன அதன் விதிகள். தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். அச்சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது.

அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. நமக்குப் பக்கம்தான். ஐ.டி.ஐ.களில் கணினி இயக்குநர் பிரிவு படித்தவர்களும் அப்ரண்டிஸ் ஆகலாம். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்குத் தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழிகாட்டுகிறது. 1974-ல் தொடங்கிய தாட்கோ, பிளஸ் 2 முடித்த நம் மாணவர்களை எச்.சி.எல். நிறுவனத்தின் பயிற்சியுடன் கூடிய வேலைக்கு அனுப்பும் திட்டத்தையும் நடத்தியிருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' இருக்கிறது. விசாரிக்காமல் விட்டால் இடம் காலியாகவே போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று சொல்லி, லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சிக் கடைகள் புறநகரெங்கும் முளைத்திருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டாதீர்கள். ஆய்வகத்தில் எத்தனை மணி நேரம் நேரடியாகப் பழக விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். இந்த வேலையில் இரவுப் பணி உண்டு, தொடக்கச் சம்பளம் சுமாராகவே இருக்கும் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். இப்போது மேகக் கணினிச் சேவைகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே சுமை பகிர்வான் வந்துவிடுகிறதே, பிறகு ஆள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பொத்தான் வந்தாலும், பொது நோட்டு எங்கே வைப்பது, எத்தனை சர்வர் போதும், விழுந்தால் என்ன செய்வது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நாம் கேட்பது

ஒன்று, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் நான்கு கணினி கொண்ட ஒரு சிறிய சர்வர் ஆய்வகம் அமைக்க வேண்டும். கழித்துக் கட்டிய அரசுக் கணினிகளே போதும். இரண்டு, சர்வர் நிர்வாகத்துக்கான செய்முறைத் தேர்வுகளின் கட்டணத்தைத் தாட்கோ ஏற்க வேண்டும். மூன்று, பட்டாபிராம் டைடலில் இடம் பிடிக்கும் நிறுவனங்கள் எத்தனை அப்ரண்டிஸ்களை எடுத்தன, அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நான்கு, உதவித்தொகைத் தளம் எத்தனை மணி நேரம் முடங்கியதோ, அதற்கு ஈடாகக் கடைசித் தேதி தானாகவே நீள வேண்டும். அதற்காக ஒரு மாணவியும் மனு எழுதி அலையக் கூடாது.

1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்குள் எந்தச் சாதியினரும் போகலாம், தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் அரசாணையும் ஆனது. அன்று அலுவலக வாசலில் ஆள் நின்று தடுத்தார். இன்று யாரும் தடுப்பதில்லை. அலுவலகம் திரைக்குள் போய்விட்டது, அந்தத் திரை திறப்பதில்லை.

அந்த மாணவி ராத்திரி மறுபடி வந்து, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார் என்று சென்டர்காரர் பிறகு சொன்னார். படிப்பது கணினி அறிவியல். அடுத்த முறை பார்க்கும்போது அவரிடம் ஒன்று சொல்ல நினைத்திருக்கிறோம்: அந்த வட்டம் ஏன் சுற்றியது என்று கற்றுக்கொள் அம்மா. நாளைக்கு அதைச் சுற்றாமல் வைக்கும் நாற்காலியில் நீ உட்கார வேண்டும்.